ஆறு மணி வரை எழுதி வைத்த பக்கம்

என் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவை இத்துடன் இணைத்துள்ள தனித்தாளில் உள்ளன. வயது பதினேழு. எட்டாம் வகுப்புப் பாதியில் படிப்பை நிறுத்திவிட்டேன். நோயாளிகளின் வீட்டிலேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். நான் நடந்தால் சத்தம் கேட்காது என்பதால் கடைசியாக வேலை செய்த வீட்டில் என்னைப் பூனை என்று கூப்பிடுவார்கள். எனக்குப் பதினெட்டு நிறையாததால் இங்கே காவல் நிலையத்தில் என் சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் மிகவும் மெதுவாகப் பேசுவதாகச் சொல்லி, சில இடங்களில் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்கள்.

மேற்படி வீடு முதல் மாடியில் உள்ளது. கீழே அச்சகம். பகல் முழுவதும் இயந்திரம் ஓடும்போது மாடித் தரை லேசாக அதிரும். மேலே இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் மட்டுமே. முன்னறையில் ஐயா படுத்திருப்பார். அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், இதய நோயாளி. உள்ளறையில் அவருடைய மனைவி படுத்திருப்பார். அவரை நான் அம்மா என்று கூப்பிடுவேன். அவருக்கு இரண்டு வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. வெளிச்சம் பட்டால் கண் எரியும் என்பதால் அந்த அறையில் எப்போதும் திரை போட்டிருக்கும். அவர் சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். தண்ணீர் வேண்டுமென்றால், மூக்கு வைத்த பிளாஸ்டிக் கோப்பையைப் பக்கத்து ஸ்டூலின் விளிம்பில் இரண்டு முறை தட்டுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நான் அங்கே பதினோரு மாதம் வேலை செய்தேன். என்னை வேலைக்கு வைத்தவர் அம்மாவின் தங்கை. அவர் வெளியூரில் தையல்கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து பார்ப்பார். அவர் ஒரு நோட்டு கொடுத்து, பகல் ஒரு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை மணிக்கு ஒரு வரி அம்மாவைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னார். காலையில் சித்தி வந்து உதவி செய்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார், அதன் பிறகு நான் தனியாக இருப்பேன் என்பதால் அந்த நேரத்துக்கு மட்டும் கணக்குக் காட்டச் சொன்னார்.

எனக்கு எழுதுவதற்கு நேரம் ஆகும். ஒரு வரி எழுதக் கால் மணி நேரம் போய்விடும். அதற்குள் ஐயா கூப்பிட்டுவிடுவார். அதனால் முதல் வாரத்திலிருந்தே ஆறு வரிகளையும் காலையிலேயே, அவர்கள் இரண்டு பேரும் தூங்கும்போது, மொத்தமாக எழுதி வைத்துவிடுவேன். தண்ணீர் குடித்தார், புரண்டு படுக்க வைத்தேன், தூங்கினார் என்று எழுதுவேன். ஏதாவது மாறினால் அடித்துத் திருத்தலாம் என்று நினைத்திருந்தேன். திருத்த வேண்டி வரவே இல்லை. இது தப்பு என்று எனக்குத் தெரியும். சித்திக்கும் இன்றுதான் தெரியும்.

அதன் பிறகு, வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம், எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்து, ஒரு நாள் நான்கு மணி வரியில் "ஜன்னலைச் சாத்தச் சொன்னார்" என்று எழுதினேன். அந்த அறையின் ஜன்னல் எப்போதும் சாத்தியேதான் இருக்கும். நான்கு மணிக்கு நான் உள்ளே போனபோது அம்மா சுவரைப் பார்த்தபடியே, "அந்த ஜன்னலைச் சாத்தும்மா" என்றார். சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்து மறுபடி சாத்தினேன். அதன் பிறகு நோட்டில் புதிதாக எதையும் எழுதவில்லை. பழகின வரிகளை மட்டும் எழுதினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐயாவும் அம்மாவும் இறந்தது ஒரே புதன்கிழமை. அன்று காலை எழுதிய ஆறு வரிகள் வருமாறு. ஒரு மணி, தண்ணீர் குடித்தார். இரண்டு மணி, தூக்கம். மூன்று மணி, தூக்கம். நான்கு மணி, யார் வந்திருக்கிறது என்று கேட்டார், தண்ணீர் குடித்தார். ஐந்து மணி, புரட்டிப் படுக்க வைத்தேன். ஆறு மணி, ஐயாவைப் பற்றிக் கேட்டார். நான்கு மணி வரியை அப்படி எழுதியதற்குக் காரணம், புதன்கிழமை நான்கு மணிக்குச் சலவைக்காரர் வருவார், அம்மா ஒவ்வொரு வாரமும் யார் என்று கேட்பார். ஆறு மணிக்கு ஐயாவைப் பற்றித் தினமும் கேட்பார். அவர்கள் இரண்டு பேரும் நேரில் பேசிக்கொண்டு பல வருடம் ஆயிற்று. என் மூலமாகத்தான் விசாரிப்பார்கள்.

அன்று பன்னிரண்டு மணிக்குச் சித்தி கிளம்பினார். நான் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தேன். விழுங்கினார். என் மணிக்கட்டைப் பிடித்து, "உன் கை ஏன் இப்படிச் சுடுது?" என்று கேட்டார். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை.

ஒரு மணிக்குக் கோப்பை தட்டும் சத்தம் கேட்டுப் போனேன். தண்ணீர் கொடுத்தேன். கை குளிர்ந்திருந்தது. அவருக்கு எப்போதும் கை குளிர்ச்சிதான். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் கதவருகில் நின்று பார்த்தேன். அசையவில்லை. தூக்கம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு மூன்று இருபதுக்கு ஐயா இறந்தார். அப்போது நான் அவருக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். "சர்க்கரைய உங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டியா, பச்சத் தண்ணி மாதிரி இருக்கு" என்று கேலி செய்தார். அடுத்த வாய் குடிக்கவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருப்பதால் நேரம் உறுதியாகச் சொல்ல முடியும். உடனே ஐயாவின் தம்பிக்குப் போன் செய்தேன். அவர் டயர்கடை வைத்திருக்கிறார். அவர் டாக்டரை அனுப்புவதாகவும் தானும் வருவதாகவும் சொன்னார். அதன் பிறகு அம்மாவின் தங்கைக்கும் போன் செய்தேன். பஸ் பிடித்து வருவதாகச் சொன்னார்.

அடுத்த தெருவில் இருக்கும் டாக்டர் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார். ஐயாவைப் பரிசோதித்துவிட்டு மேசையில் உட்கார்ந்து சான்றிதழ் எழுதினார். அம்மாவிடம் இப்போதே சொல்ல வேண்டாம், சொந்தக்காரர்கள் வரட்டும் என்றார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளறையிலிருந்து அம்மா, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்தாமல், "நான்தாம்மா, டாக்டர். சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று பதில் சொன்னார். கடிகாரத்தில் நான்கு மணி. டாக்டர் தன் வாக்குமூலத்தில் இதைச் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் சொல்கிறேன்.

அதன் பிறகு கோப்பை தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே போய்க் கோப்பையின் மூக்கை அம்மாவின் வாயில் வைத்தேன். உதடு திறந்தே இருந்தது. அரைக் கோப்பைத் தண்ணீர் குறைந்தது. தலையணை நனையவில்லை. தொட்டுப் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு டயர்கடைக்காரர் வந்தார். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் உள்ளே போய் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன். வழக்கமாகத் தோளைப் பிடித்து ஒரு தடவை, இடுப்பைப் பிடித்து ஒரு தடவை என்று இரண்டு முறை தூக்க வேண்டும். அன்று தோளைப் பிடித்ததும் மொத்த உடம்பும் பலகை போலச் சேர்ந்து திரும்பியது. கைவிரல்கள் மடங்கியபடியே இருந்தன, நீட்ட வரவில்லை. எனக்குப் புரிந்தது. வெளியே வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அழுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சமையலறையில் நின்றேன். அம்மாவின் தங்கை வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் அப்படியே நின்றேன்.

ஆறு மணிக்கு அச்சகத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். தரை அதிர்வது நின்றது. அப்போது உள்ளறையிலிருந்து அம்மா, "உங்க ஐயா என்ன பண்றாரு?" என்று கேட்டார். தினமும் கேட்கும் அதே குரல். நான் கதவு வரைக்கும் போனேன். உள்ளே கால் வைக்கவில்லை. "தூங்குறாரும்மா" என்றேன். அதற்கு அவர், "சரி, நீ எழுப்பாத. நான் போய் எழுப்பிக்கிறேன்" என்றார்.

நான் அங்கேயே நின்றேன். யாரும் என்னைத் தாண்டிப் போகவில்லை. சிறிது நேரத்தில் முன்னறையிலிருந்து டயர்கடைக்காரர், "ஏய் பூனை, என்ன இப்படிக் குளிருது, அந்தக் கதவைச் சாத்து" என்று கத்தினார். அன்று நல்ல வெயில் அடித்த நாள். நான் கதவைச் சாத்தினேன்.

ஆறேகாலுக்கு அம்மாவின் தங்கை வந்தார். நேராக உள்ளறைக்குப் போய் விளக்கைப் போட்டார். கத்தினார். மறுபடி டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் தாடையையும் முழங்கையையும் அசைத்துப் பார்த்துவிட்டு, இறந்து ஆறு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார். சான்றிதழில் பகல் பன்னிரண்டரை அளவில் என்று எழுதினார். நான் அவர் பக்கத்தில் போய், "டாக்டர், நீங்க நாலு மணிக்கு அவங்களுக்குப் பதில் சொன்னீங்களே" என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டாவது தடவைதான் பை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். "போம்மா, போய் முகம் கழுவு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை இருவரையும் எடுத்துச் சென்றார்கள். வீடு திரும்பியதும் ஐயாவின் இரும்பு அலமாரியைத் திறந்தார்கள். ஐயா எழுதிய உயில் இருந்தது. வீட்டில் தன் பங்கு முழுவதும் தம்பிக்கு என்று எழுதியிருந்தார். தன் சொத்து தங்கைக்கு என்று அம்மா எழுதிய உயிலும் கூடவே இருந்தது. அதற்குக் கீழே வீட்டுப் பத்திரம் இருந்தது. அவர்களுடன் வந்த வக்கீல் அதைப் படித்துவிட்டு, வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கியது, ஒருவர் இறந்தால் அவர் பங்கு அந்த நொடியே மற்றவருக்குப் போய்விடும் என்று பத்திரத்திலேயே இருக்கிறது, அதில் உயில் நுழைய முடியாது என்றார். டயர்கடைக்காரர் புரியவில்லை என்றார். வக்கீல், "முன்னாடி போனவங்க வெறுங்கையோட போனாங்க. பின்னாடி போனவங்க முழு வீட்டோட போனாங்க. அவங்க வாரிசுக்குத்தான் வீடு. யாரு உயில் எழுதியிருந்தாலும் அவங்க முன்னாடி போயிருந்தா அது வெறும் காகிதம்" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் அழவில்லை.

டயர்கடைக்காரர், "அண்ணி மத்தியானமே போயாச்சு, டாக்டரே எழுதியிருக்காரு. அப்ப வீடு அண்ணனுக்கு, அண்ணன்கிட்டருந்து எனக்கு" என்றார்.

அம்மாவின் தங்கை, "எங்கக்கா ஆறு மணிக்குப் பேசியிருக்கா. நோட்டுல இருக்கு" என்றார்.

"ஆறு மணிக்கா? விறைச்சுக் கிடந்த உடம்பா பேசிச்சு?"

"உங்கண்ணன் உயிரோட இருந்தப்பவே எங்கக்காகூடப் பேசல. உங்களுக்கு அவ குரல் எப்படித் தெரியும்?"

அப்படி அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் துவைத்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை டயர்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டுடும்னு நினைக்குமாம். நீ அப்படி இருக்காத. நோட்டைக் காலையிலயே எழுதிட்டேன்னு உன் முகத்துலயே தெரியுது. அதை மட்டும் சொல்லு. குரல் கிரல்னு எதுவும் வேண்டாம்" என்றார்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அம்மாவின் தங்கை வந்தார். உள்ளறை பூட்டியிருந்தது. சாவி அவர் கைப்பையில் இருந்தது. அவர் புதிய நோட்டு ஒன்றும் இரண்டு பேனாக்களும் கொண்டுவந்திருந்தார். புதன்கிழமைப் பக்கம் ஒரே மூச்சில் எழுதியது போல இருக்கிறது, புதிய நோட்டில் பேனாவை மாற்றி மாற்றி எழுது என்றார். "ஆறு மணிக்கு அக்கா பேசினதை நீ கேட்டியா இல்லியா?" என்றார். கேட்டேன் என்றேன். "அப்ப பொய் ஒண்ணும் இல்லியே. எப்ப எழுதினேன்னு யாரும் கேக்கப்போறதில்ல. வீடு வந்ததும் மொட்டைமாடி அறையை உனக்குத் தர்றேன். ஆயுசுக்கும் இருந்துக்கோ" என்றார். எனக்கு வேறு வீடு இல்லை. சித்தி வீட்டில் சமையலறையில் படுக்கிறேன்.

நான், "அந்த வரியை மறுபடி எழுத வேண்டாம்மா. எழுதினா நடக்கும்" என்றேன்.

"என்ன நடக்கும்? கை வலிக்கும், அவ்வளவுதான். எழுது" என்றார்.

நான் முதல் வரியை மட்டும் எழுதினேன். ஒரு மணி, தண்ணீர் குடித்தார். எழுதி முடிக்கும்போது கடிகாரத்தில் ஒரு மணி. பூட்டிய உள்ளறையில் ஸ்டூலின் விளிம்பில் இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. அந்தக் கோப்பையை நான் வியாழக்கிழமையே கழுவிச் சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரிந்தது. அங்கேயேதான் இருந்தது.

அம்மாவின் தங்கை, "எலி" என்றார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செருப்புப் போடாமல் இறங்கிப் போனார். அவருடைய செருப்பு மாடிப்படியில் கிடக்கிறது. எடுக்க ஆள்கூட அனுப்பவில்லை.

கேட்டுவிட்டதால் கொடுக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து உள்ளறைக் கதவுக்கு வெளியே வைத்தேன். அது குறைந்ததா என்று நான் பார்க்கவில்லை. அன்றே சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டயர்கடைக்காரர், அம்மாவின் தங்கையும் நானும் சேர்ந்து பொய் நோட்டு தயாரித்ததாகப் புகார் கொடுத்தார். அதன் பேரில் இன்று என்னை வரச் சொன்னார்கள். வரும் வழியில் சித்தி, "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்காதடி. யாராவது ஒருத்தர் பக்கம் பேசு. ரெண்டு பேரையும் பகைச்சுக்கிட்டு நாளைக்கு நீ எங்க போவே?" என்றார். இரண்டு நோட்டுகளையும் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு நான் சொல்வது. புதன்கிழமைப் பக்கத்தை நான் காலையிலேயே எழுதினேன். அம்மாவின் தங்கைக்கு அது அன்று தெரியாது. ஆகவே அந்தப் பக்கத்தை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம் நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் அம்மா பேசியதை என் காதால் கேட்டேன். இந்த இரண்டில் எதையும் விட்டுவிட எனக்குச் சம்மதம் இல்லை.

இன்ஸ்பெக்டர், "செத்தவங்க எப்படிம்மா பேசுவாங்க?" என்று கேட்டார்.

"பேச மாட்டாங்க சார். அதனாலதான் ஆறு மணிக்கு அவங்க உயிரோட இருக்காங்கன்னு நினைச்சேன்."

"அஞ்சு மணிக்கு?"

"அஞ்சு மணிக்குச் செத்துட்டாங்கன்னு நினைச்சேன்."

பிறகு யார் முதலில் இறந்தது என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னார். ஐயா மூன்று இருபதுக்கு இறந்தார், அதை நான் பார்த்தேன். அம்மா இறந்ததை நான் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு என் கையைப் பிடித்தார், ஆறு மணிக்கு ஐயாவை எழுப்பப் போவதாகச் சொன்னார். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. வீடு யாருக்குப் போனாலும் எனக்கு அதில் அறையோ வேறு எதுவுமோ வேண்டாம்.

எழுதி முடித்ததைப் படித்துக் காட்டினார்கள். ஆறு மணி பற்றிய இடத்தில் "அம்மாவின் குரல் கேட்டது போல் தோன்றியது" என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அப்படி இருந்தால்தான் எனக்கு நல்லது, பைத்தியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று எழுதிய பெண் காவலர் சொன்னார். சித்தியும் என் கையைக் கிள்ளினார். "போல் தோன்றியது" என்பதை அடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பவும் சொன்னேன். அதை அடித்துவிட்டுக் கேட்டபடியே எழுதினார்கள்.

நான் சொன்னது சொன்ன வரிசையிலேயே உள்ளது. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் மாற்றி எழுதப்படவில்லை. இரண்டாம் முறையும் படித்துக் கேட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முழுவதும் உண்மை.

திருத்தம் ஒன்று. திருத்திய இடத்தின் மேல் என் கையெழுத்து உள்ளது.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்

(ஒப்பம்)
உடனிருந்த சித்தி